பட்டறைப் பதில்கள்: பழைய ராணுவ லாரிகளும் அவற்றின் உதிரிபாகங்களும்

போன இதழில் என் ஜி.எம்.சி. என்ற அமெரிக்க ராணுவ லாரியைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். 1943ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மூன்று ஆக்சில், மூன்றுக்கும் இழுவை உண்டு. 19 ஆண்டுகளாக அதைப் பராமரித்து வருகிறேன். நண்பர் ஒருவரின் எம்35 லாரிக்கும் (போருக்குப் பின் வந்த அமெரிக்க ராணுவ லாரி) நான்தான் வேலை பார்க்கிறேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்து குவியும் என்று நினைக்கவில்லை. எழுதியவர்களில் பாதிப் பேர் கேட்டிருப்பது ஒன்றுதான்: பாகம் எங்கே கிடைக்கும்? அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு வாசகர் தற்செயலாகக் கேட்டிருக்கிறார். அவர் கடிதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

ஐயா, இரண்டாம் உலகப் போர்க்கால ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரி ஒன்றை வாங்கியிருக்கிறேன். டேஷ் போர்டில் இருந்த மாடல் விவரத் தகட்டை யாரோ கழற்றிவிட்டார்கள். பின் ஹவுசிங்கிற்கு (பின் ஆக்சிலின் பல்சக்கரங்களை மூடும் கூடு) மூன்று பேரிடம் பாகம் வாங்கினேன். மூன்றும் பொருந்தவில்லை. ஏமாற்றுகிறார்களா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நீங்கள் அவர்களிடம் 'இரண்டரை டன் ஜி.எம்.சி.' என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அது போதாது.

உங்களிடம் இருப்பது அநேகமாக சி.சி.கே.டபிள்யூ. வகை. 1941 முதல் 1945 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அந்த நான்கு எழுத்துக்கும் பொருள் உண்டு. முதல் 'சி' 1941ஆம் ஆண்டு வடிவமைப்பு என்பதைச் சொல்கிறது. இரண்டாவது 'சி', கேபின் என்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது என்பதை. 'கே' என்றால் முன் ஆக்சிலுக்கும் இழுவை உண்டு. 'டபிள்யூ' என்றால் பின்னால் இரண்டு ஆக்சில்களுக்கும் இழுவை உண்டு. எழுத்துகளைத் தொடர்ந்து 352 என்று வந்தால் குட்டைச் சட்டம் (சேஸிஸ்), 353 என்று வந்தால் நீளச் சட்டம். தகடு இல்லாவிட்டால் டேப்பை எடுத்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் இரண்டு ஆக்சில்களுக்கும் இடைப்பட்ட நடுப்புள்ளி வரை அளந்து பாருங்கள். 145 அங்குலம் என்றால் 352. 164 அங்குலம் என்றால் 353.

உங்கள் சிக்கல் இதற்கும் கீழே இருக்கிறது. ஒரு பழைய துணியை விரித்து லாரிக்கு அடியில் படுத்து, டார்ச்சை அடித்துப் பின் ஹவுசிங்கைப் பாருங்கள். உருண்டையான ஒரே கூடாக, பின்பக்கம் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி மூடி இருந்தால் அது 'பாஞ்சோ' வகை. நடுவில் செங்குத்தாக இரண்டு பாதிகளைச் சேர்த்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கியிருந்தால் அது 'ஸ்ப்ளிட்' வகை. ஒரே தொழிற்சாலையின் ஒரே மாடலில் இரண்டும் வந்திருக்கின்றன. ஒன்றின் கிரௌன் வீலும் பினியனும் (உள்ளே ஜோடியாகச் சுழலும் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) மற்றொன்றில் உட்காராது. இதை அறியாமல் நானே ஒரு முறை கிரௌன், பினியன் ஜோடியைச் சொல்லி வரவழைத்து, பெட்டியைத் திறந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அனுப்பியவர் சரியாகத்தான் அனுப்பியிருந்தார். நான் கேட்டதுதான் அரைகுறை.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். போருக்குப் பிறகு பல லாரிகளை ராணுவப் பணிமனைகளில் முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பித்தார்கள். அப்போது கையில் கிடைத்த நல்ல பாகம் எதுவோ அது ஏறியிருக்கும். தகடு இருந்தாலும் அது சட்டத்தின் பிறப்பைத்தான் சொல்லும். மேலே ஏறியிருக்கும் என்ஜினையும் ஆக்சிலையும் பற்றி அதை நம்பி முடிவுக்கு வராதீர்கள். ஒவ்வொரு பெரிய பாகத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து, அதில் வார்த்திருக்கும் எண்ணைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி, புகைப்படமும் எடுத்து வையுங்கள். இரண்டு நாள் வேலை. அந்த நோட்டு கையில் இருந்தால் விற்பவரிடம் நீங்கள் பேசும் பேச்சே மாறிவிடும்.

என்ஜினைப் பொறுத்தவரை உங்களுக்குப் பெரிய கவலை வேண்டாம். அந்த 270 கன அங்குல ஆறு சிலிண்டர் என்ஜின் போருக்குப் பிறகு பொதுமக்கள் வாங்கிய ஜி.எம்.சி. லாரிகளிலும் ஓடியது. 'ராணுவ லாரி பாகம்' என்று தேடாமல், அந்த என்ஜினின் பெயரைச் சொல்லித் தேடுங்கள்.

பாகங்களின் பொட்டலங்களில் நீளமாக ஓர் எண் இருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

அது நேட்டோ இருப்பு எண். என்.எஸ்.என். என்பார்கள். மொத்தம் 13 இலக்கம். முதல் நான்கு இலக்கம், பொருள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதைக் காட்டும். 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், ஆக்சில், சக்கரம் சார்ந்தது. 2910 என்ஜினின் எரிபொருள் பாகங்கள். 2920 என்ஜினின் மின்பாகங்கள். 2610 டயரும் ட்யூபும். 3110 பேரிங். 5330 கேஸ்கெட், ஆயில் சீல் போன்றவை. அடுத்த இரண்டு இலக்கம், எண்ணைக் கொடுத்த நாடு: 00, 01 இரண்டும் அமெரிக்கா, 99 பிரிட்டன், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ். கடைசி ஏழும் இந்த இரண்டும் சேர்ந்த ஒன்பது இலக்கம்தான் பொருளின் உண்மையான அடையாளம். பொருளை வேறு வகுப்புக்கு மாற்றினாலும் அந்த ஒன்பது மாறாது. தேடும்போது அதை வைத்தே தேடுங்கள்.

1974க்கு முந்தைய பொட்டலத்தில் 11 இலக்கம்தான் இருக்கும். நாட்டு எண் அப்போது கிடையாது. வகுப்பு எண்ணுக்குப் பின்னால் 00 சேர்த்தால் புதிய எண் வந்துவிடும்.

போர்க்கால லாரி வைத்திருப்பவர்களுக்கு இது அவ்வளவு உதவாது. அந்தக் காலத்துப் பட்டியல்களில் தயாரிப்பாளரின் எண்ணும் படைக்கலத் துறையின் எண்ணும்தான் இருக்கும். ஜி.எம்.சி. லாரிக்கு ஜி-508 என்ற பட்டியலையும், டி.எம். 9-801 என்ற கையேட்டையும் தேடிப் பிடியுங்கள். ஜீப்பிற்கு ஜி-503, டி.எம். 9-803. எம்35 என்றால் டி.எம். 9-2320-209 வரிசை. அதன் முடிவில் 10 என்று இருந்தால் ஓட்டுநருக்கான புத்தகம், 20 என்று இருந்தால் பட்டறைக்கானது, எண்ணோடு 'பி' எழுத்தும் சேர்ந்திருந்தால் பாகங்களின் பட்டியல். இவை மூன்றும் உங்கள் அலமாரிக்கு வந்த பிறகு மற்றதை வாங்கலாம்.

முன் சக்கரத்துக்கு ஒரு பேரிங் தேவைப்படுகிறது. "மிக அரிதான பொருள்" என்று சொல்லி ஒருவர் பெரும் தொகை கேட்கிறார். வேறு வழியில்லையா?

வாங்காதீர்கள். முதலில் பழைய பேரிங்கைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவுங்கள். வளையத்தின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். தெரியாவிட்டால் அந்த இடத்தில் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு விரலால் துடைத்துப் பாருங்கள், பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து எழும். டேப்பர் ரோலர் பேரிங் என்றால் உள்பாகத்துக்கு ஓர் எண், வெளி வளையத்துக்கு வேறோர் எண். இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ராணுவ லாரியைச் செய்தவர்கள் பேரிங்கைத் தங்கள் தொழிற்சாலையில் செய்யவில்லை. பேரிங் தயாரிப்பவர்களின் பட்டியலிலிருந்து எடுத்துப் போட்டார்கள். அந்த எண்கள் பல இன்றும் தயாரிப்பில் இருக்கின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். 6205 என்ற பேரிங் உலகில் எங்கே வாங்கினாலும் உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. அது டிராக்டரில் இருந்ததா, துணி துவைக்கும் இயந்திரத்தில் இருந்ததா, ராணுவ லாரியில் இருந்ததா என்று பேரிங்குக்குத் தெரியாது.

ஆயில் சீலும் அப்படித்தான். ஷாஃப்டின் விட்டம், சீல் உட்காரும் துளையின் விட்டம், அகலம் என்று வெர்னியரால் மூன்று அளவு எடுத்துக்கொண்டு சீல் விற்பவரிடம் போங்கள். லாரியின் பெயரையே சொல்ல வேண்டாம். ஷாஃப்டை அளக்கும்போது பழைய சீலின் உதடு தேய்த்த பள்ளத்தில் அளந்துவிடாதீர்கள். அந்தப் பள்ளத்தில் நகம் சிக்கும் அளவுக்கு ஆழம் இருந்தால் புதிய சீல் போட்டும் எண்ணெய் கசியும். மெல்லிய எஃகு உறை ஒன்றை ஷாஃப்டின் மேல் ஏற்ற வேண்டும், அல்லது சீலைச் சற்று முன்பின் தள்ளி உட்கார வைக்க வேண்டும்.

என் அனுபவத்தில், 'கிடைக்கவே கிடைக்காது' என்று தேடிய பொருள்களில் பெரும்பாலானவை வேறு பெயரில் பக்கத்து அலமாரியில் இருந்தவைதான். உண்மையிலேயே கிடைக்காதவை வேறு: தகரப் பாகங்கள், கேபின் பொருத்துகள், அந்த லாரிக்கென்றே செய்த வார்ப்புகள். பணத்தை அவற்றுக்கு மிச்சம் பிடியுங்கள்.

பழைய ராணுவ இருப்பிலிருந்து பிரிக்காத பொட்டலத்தில் வீல் சிலிண்டர் கிட் (சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் சிலிண்டருக்கான ரப்பர் கிண்ணம் முதலியவை) கிடைத்திருக்கிறது. அப்படியே போடலாமா? அதோடு, எந்த பிரேக் ஆயில் ஊற்றுவது?

இந்தக் கடிதத்தை எழுதியவர் பதில் வரும்வரை லாரியை நகர்த்தாமல் இருந்தால் நிம்மதி அடைவேன்.

பிரிக்காத பொட்டலத்தின் ஆசை எனக்கும் தெரியும். பழுப்பு மெழுகுத் தாளைக் கிழிக்கும்போதே ஒரு வாடை வரும். உள்ளே இருக்கும் இரும்பின் மேல் காஸ்மோலின் என்ற காப்பு மெழுகு, தேன்கட்டியைப் போல் அடர்ந்து படிந்திருக்கும். அதை மண்ணெண்ணெயில் கழுவினால் பல்சக்கரம் நேற்றுச் செய்ததுபோல் மின்னும். கியர், ஷாஃப்ட், புஷ், போல்ட் எதுவாக இருந்தாலும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இரும்பைப் பொறுத்தவரை அந்தக் காலத்துப் பொட்டலம் ஒரு வரம்.

ரப்பருக்கு அந்த வரம் கிடையாது. பொட்டலத்துக்குள் இருந்தாலும் ரப்பர் முதுமை அடைகிறது. பல ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு கிட்டை என் லாரியில் போட்டேன். கையில் எடுத்தபோது ரப்பர் கிண்ணம் மிருதுவாகவே இருந்தது. வளைத்துப் பார்த்தேன், வெடிப்பு எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் வளாகத்துக்குள் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தபோது பிரேக்கை மிதித்தேன். பெடல் தரையைத் தொட்டது. இரண்டாவது மிதிக்கும் எதுவும் இல்லை. லோ கியரில் இருந்ததாலும், கை பிரேக் நல்ல நிலையில் இருந்ததாலும் சுவருக்கு நான்கடி முன்னால் நின்றது. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் ஒரே ஒரு சக்கரத்தில் கிண்ணத்தின் உதடு பிறை வடிவத்தில் கிழிந்திருந்தது. என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய கிழிசல். அந்த லாரியின் எடை நான்கு டன்னுக்கும் மேல்.

ஒரு சக்கரத்தில் கிழிந்ததற்கு எல்லாச் சக்கரத்திலும் ஏன் பிரேக் போக வேண்டும்? அந்தக் காலத்து ஹைட்ராலிக் பிரேக்கில் இருப்பது ஒரே சுற்றுதான். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் ஒரே குழாய் கிளை கிளையாகப் பிரிந்து எல்லாச் சக்கரத்துக்கும் போகிறது. எங்கே ஓட்டை விழுந்தாலும் அழுத்தம் மொத்தமும் அங்கேயே வெளியேறிவிடும். போர்க்கால லாரி மட்டும் என்று நினைக்காதீர்கள். பல ஆண்டுகள் கழித்து வந்த எம்35ஏ2விலும் இதே கதைதான். காற்றழுத்த உதவி இருக்கிறது என்பதால் பலர் அதைக் காற்று பிரேக் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். காற்று, மிதிக்கும் விசையைப் பெருக்கித் தருகிறது, அவ்வளவே. சக்கரத்தில் வேலை செய்வது ஒற்றைச் சுற்று எண்ணெய்தான்.

ஆகவே ரப்பர் கிண்ணம், ஹோஸ், டயாபிராம் எல்லாம் புதிதாகச் செய்ததாக இருக்கட்டும். தயாரித்த ஆண்டைக் கேட்டு வாங்குங்கள். ஹோஸின் வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், பிரேக் பிடித்தால் விடாது. எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். வீல் சிலிண்டரின் உள்சுவரில் குழி விழுந்திருந்தால் தூக்கி எறியாதீர்கள். நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, எவர்சில்வர் அல்லது பித்தளை உறை இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவந்து தருவார்கள். என் லாரியில் அத்தனை சிலிண்டரும் அப்படிச் செய்தவைதான்.

எண்ணெய் விஷயம். பிரேக் ஆயிலின் தரத்தை 'டாட்' எண்ணால் குறிப்பார்கள். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நிறுத்தி வைத்திருக்கும் வண்டியில் உள்ளே துருப்பிடிக்க இதுவே காரணம். டாட் 5 சிலிக்கோன் வகை. ஈரத்தை உறிஞ்சாது, பெயின்டையும் அரிக்காது. அமெரிக்க ராணுவம் 1980களில் தன் வாகனங்களை இதற்குத்தான் மாற்றியது. எப்போதாவது ஓடும் லாரிக்கு இது பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. மாற்றுவதென்றால் ரப்பர் மொத்தத்தையும் மாற்றும் அன்றைக்குக் குழாய்களைக் கழுவி உலர்த்திவிட்டு மாற்றுங்கள். கடையில் டாட் 5.1 என்று ஒன்று இருக்கும். எண் பக்கத்தில் பக்கமாக இருப்பதால் சிலிக்கோன் என்று எண்ணிவிடாதீர்கள், அது கிளைகால்.

பழைய பிரேக் டிரம்மைக் கழற்றும்போது வரும் தூசியைக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாமா?

கூடவே கூடாது. அந்தக் கால லைனிங்கிலும் கேஸ்கெட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். இத்தோடு சேர்த்து இன்னொன்று: போர்க்கால மீட்டர்களில் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பெயின்டில் ரேடியம் இருக்கக்கூடும். இப்போது ஒளிரவில்லை என்பதால் கதிர்வீச்சு நின்றுவிட்டது என்று பொருளல்ல. அந்த மீட்டர்களின் கண்ணாடியைத் திறக்காதீர்கள், முள்ளைச் சுரண்டாதீர்கள்.

இடது பக்கச் சக்கரத்தின் நட்டுகள் எவ்வளவு நீளக் குழாய் மாட்டி மிதித்தாலும் கழலவில்லை. இரண்டு போல்ட் முறிந்தேவிட்டது.

நீங்கள் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த லாரிகளில் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. ஓடும்போது நட் தானாகத் தளராமல் இருப்பதற்காக அப்படிச் செய்தார்கள். போல்ட்டின் முனையைத் துடைத்துப் பாருங்கள், 'எல்' என்ற ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால் கழலும். முறிந்த இரண்டுக்கும் புதியது வாங்கும்போது இடது மரை என்று சொல்லி வாங்குங்கள்.

டயர் பஞ்சர். ரிம்மில் இரும்பு வளையம் ஒன்று இருக்கிறது. சுத்தியலும் கடப்பாரையும் வைத்து வீட்டிலேயே கழற்றிவிடலாமா?

இந்த ஒரு கேள்விக்கு 'முடியும்' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்று நிரம்பிய லாரி டயரின் வளையம் தெறித்தால் ஆளைக் கொன்றுவிடும். தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஆனாலும் அவர் செய்வது சரியா என்று பார்க்கும் அளவுக்கு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சக்கரம் லாரியில் இருக்கும்போதே வால்வின் உள்ஊசியைக் கழற்றி, ஒரு கம்பியை விட்டுப் பார்த்து, காற்று முழுவதும் போய்விட்டது என்று உறுதி செய்த பிறகுதான் நட்டில் ஸ்பேனரை வைக்க வேண்டும். இரட்டைச் சக்கரம் என்றால் இரண்டிலும் காற்றை இறக்க வேண்டும். வளையத்தைக் கழற்றியதும் அது உட்காரும் காடியைக் கம்பித் தூரிகையால் பளபளக்கும்வரை தேய்க்க வேண்டும். அந்தக் காடியில் துரு அடையாகப் படிந்திருந்தால் வளையம் உட்கார்ந்த மாதிரி தெரியும், உட்கார்ந்திருக்காது. வளையம் வளைந்திருந்தாலோ விரிசல் இருந்தாலோ நெளிவெடுக்காமல் கழித்துவிட வேண்டும். வேறு தயாரிப்பின் வளையம் 'ஏறத்தாழப் பொருந்துகிறது' என்றால் அது பொருந்தவில்லை என்று அர்த்தம். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள். குழாயின் முனை வால்வைத் தானே கவ்விக்கொள்ள வேண்டும், அடிப்பவர் நீளக் குழாயின் மறுமுனையில் வளையத்துக்கு நேராக இல்லாமல் விலகி நிற்க வேண்டும். காற்று ஏறிய பிறகு வளையத்தைச் சுத்தியலால் தட்டி உட்கார வைப்பவரைக் கண்டால் உங்கள் சக்கரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

காற்று குறைந்து ஓடிய டயரை அப்படியே நிரப்பிவிடும் பழக்கமும் ஆபத்து. சொல்லப்பட்ட அழுத்தத்தில் 80 சதவீதமோ அதற்குக் குறைவோ இருக்கும்போது ஓடியிருந்தால், முழுக்க இறக்கிக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி. நல்ல விதி.

ஜீப்பின் போர்க்கால ரிம், கனடாவில் செய்த சி.எம்.பி. லாரிகளின் ரிம் ஆகியவை வேறு வகை. இரண்டு பாதி ரிம்களை போல்ட் போட்டுச் சேர்த்திருப்பார்கள். அதில் இரண்டு வரிசை நட்டுகள் தெரியும். உள்வரிசை சக்கரத்தை ஹப்போடு பிடிப்பது, வெளிவரிசை ரிம்மின் இரு பாதிகளைப் பிடிப்பது. டயரில் காற்று இருக்கும்போது வெளிவரிசையைத் தொட்டால் ரிம்மே இரண்டாகப் பிளந்து பறக்கும். பிரிட்டிஷ் ராணுவத்தில் அந்த நட்டுகளுக்குச் சிவப்பு பெயின்ட் அடித்து வைத்தார்கள். உங்கள் லாரியில் அந்தப் பெயின்ட் போய்விட்டிருந்தால் இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

6 வோல்ட் பேட்டரியில் செல்ஃப் மோட்டார் சோம்பலாகச் சுற்றுகிறது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடட்டுமா?

மாற்றுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். அதே வேலைக்கு 6 வோல்ட்டில் இரண்டு மடங்கு மின்னோட்டம் ஓட வேண்டும். ஆகவே, ஒரே கேபிளில் இழப்பின் விகிதம் 12 வோல்ட் வண்டியைவிட நான்கு மடங்காகிறது. பிற்காலக் காரின் மெல்லிய கேபிளை யாரோ மாட்டியிருப்பார்கள். செம்பு மட்டுமே சுண்டுவிரல் பருமன் இருக்கும் கேபிளைப் போடுங்கள். எர்த் கேபிள் சேஸிஸைத் தொடும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரியட்டும். என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே தனியாக ஒரு பட்டை போடுங்கள், என்ஜின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் திருடன் அங்கேதான் இருக்கிறான். இதையெல்லாம் செய்தபின் 6 வோல்ட்டிலேயே துடிப்பாகச் சுற்றும்.

கியர்பாக்ஸில் கடையில் கிடைக்கும் புதிய கியர் ஆயில் எதையாவது ஊற்றலாமா?

பழைய கியர்பாக்ஸில் வெண்கல புஷ்ஷும் வாஷரும் இருக்கும். ஜி.எல்-5 வகை எண்ணெயில் அதிக அழுத்தத்துக்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் அவற்றை அரிக்கக்கூடும். சேர்மம் இல்லாத சாதாரண 90 மினரல் கியர் ஆயில் பாதுகாப்பு. ஹைபாய்டு பற்கள் (ஒன்றின் மேல் ஒன்று சறுக்கி உரசும் பல்வகை) கொண்ட ஆக்சில் ஹவுசிங்கிற்கு நேர்மாறாக அந்தச் சேர்மம் கட்டாயம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே டின்னை ஊற்றாதீர்கள்.

பிரிட்டிஷ் லாரி ஒன்றில் போல்ட் பாதி ஏறி இறுகிக்கொள்கிறது. அளவு அரை அங்குலம்தான், சரியாகத்தான் வாங்கினேன்.

அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் மரை வகை) போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை. யு.என்.சி. என்ற அமெரிக்க மரை வகையில் 13. இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைத் தின்னும். கால் அங்குலம், 3/8 அங்குலம் போன்ற அளவுகளில் எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பதால் ஏறிவிடும், ஆனால் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை, மற்றது 60. அதனால் பிடிமானம் குறைவு. பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டது 1948இல்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் மரை அளக்கும் கேஜ் ஒன்றைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். ஸ்டியரிங்கிலும் பிரேக்கிலும் 'ஏறிவிட்டது' என்பதை ஏற்காதீர்கள்.

ஐயா, என் அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய எம்35ஏ2 லாரி அன்றிலிருந்து நின்ற இடத்திலேயே நிற்கிறது. பத்துப் பன்னிரண்டு பெட்டி நிறையப் பாகங்கள், அவர் கையெழுத்தில் எண்களாக எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம். பழைய இரும்புக்காரர் மொத்தமாகக் கேட்கிறார். ஒரு முறையாவது அதை ஓட வைத்துப் பார்க்க ஆசை. மல்டிஃபியூவல் என்ஜின் என்பதால் எந்த எண்ணெயை ஊற்றினாலும் ஓடும் என்கிறார்களே?

அம்மா, பழைய இரும்புக்காரருக்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். நோட்டின் இரண்டு பக்கத்தை நகல் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். நான் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். உங்கள் அப்பா ஒன்பது இலக்க எண்ணையும், அதற்குப் பக்கத்தில் பேரிங், சீல் தயாரிப்பாளரின் எண்ணையும் ஜோடி ஜோடியாக எழுதி வைத்திருக்கிறார். முன்னால் நான் சொன்ன வேலையை அவர் முடித்தே வைத்துவிட்டார். நோட்டு முழுவதையும் நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு பெட்டியாகத் திறந்து, பொருளை நோட்டின் வரியோடு ஒப்பிட்டு, அட்டையில் எழுதிக் கட்டுங்கள். விற்பதாக முடிவு செய்தாலும், பெயர் தெரிந்த பாகத்துக்கும் பெயர் தெரியாத இரும்புக்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கே புரியும்.

எந்த எண்ணெயும் ஊற்றலாம் என்பது போர்க்கள அவசரத்துக்கான வசதி. பெட்ரோலில் ஓடுமா என்றால் ஓடும், ஆனால் அதில் வழுவழுப்பு இல்லாததால், எரிபொருளை என்ஜினுக்குள் பீய்ச்சும் ஊசி பம்ப் தேயும். உங்களுக்கு நல்ல டீசல் போதும்.

ஸ்டார்ட் செய்யும் அவசரம் வேண்டாம். டேங்கில் ஆறு ஆண்டு நின்ற டீசலை மொத்தமும் இறக்கிவிடுங்கள். டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கிறது, அதைக் கழற்றும்போது அடியில் படிந்த சேறும் தெரியும். மூன்று டீசல் பில்டர்களையும் மாற்றுங்கள். என்ஜின் ஆயிலின் அளவுக்குச்சியை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தாலோ, பால் கலந்த நிறம் இருந்தாலோ நிறுத்திவிட்டு எனக்கு எழுதுங்கள். நன்றாக இருந்தாலும் ஆயிலை மாற்றிவிடுங்கள். என்ஜினை முதலில் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளும் ஒரே வயது, ஒரே அளவாக இருக்கட்டும்.

டேஷ் போர்டில் என்ஜினை நிறுத்தும் இழுப்புக் கம்பி ஒன்று இருக்கும். இந்த லாரி சுவிட்சை அணைத்தால் நிற்காது, அந்தக் கம்பி டீசலைத் துண்டித்தால்தான் நிற்கும். பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் கம்பியை இழுக்க, மற்றொருவர் ஊசி பம்பில் அதன் நெம்புகோல் முழுத் தூரம் போகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். துருவில் கம்பி பாதியில் நின்றிருக்கும். அதைச் சரிசெய்யாமல் செல்ஃபைத் தொடாதீர்கள்.

பிறகு அந்தக் கம்பியை இழுத்துப் பிடித்தபடியே, ஆயில் பிரஷர் முள் எழும்பும் வரை இடைவெளி விட்டு விட்டுச் செல்ஃப் கொடுங்கள். டர்போவின் பேரிங்குகள் ஆறு ஆண்டாக உலர்ந்து கிடக்கின்றன, எண்ணெய் அங்கே போய்ச் சேர வேண்டும். முள் எழுந்தபின் கம்பியை விட்டு ஸ்டார்ட் செய்யலாம். நெடுநாள் நின்ற ஊசி பம்பில், டீசலைக் கூட்டிக் குறைக்கும் உள்பாகம் திறந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் என்ஜின் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும். கம்பியும் அப்போது பயன்படாமல் போகலாம். அதனால் என்ஜினுக்குள் காற்று போகும் வாயை முழுவதும் மூடும் அளவுக்கு ஒரு தட்டைப் பலகையை முன்கூட்டியே அறுத்து, வைத்துப் பார்த்து, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவரை வாய்க்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். கையாலோ துணியாலோ மூட முயலக் கூடாது. சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வையுங்கள். பிரேக் ரப்பரை மாற்றும் வரை என்ஜின் மட்டும் ஓடட்டும், லாரி நகர வேண்டாம்.